வட்டம் விழாத பொட்டு

மாமாவுக்குப் புரோஸ்டேட்டில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அந்தச் சதையில் என்ன இருக்குமோ என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். நானும் பயந்தேன். அதோடு எனக்கு மட்டும் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அது ஊசி உள்ளே போகிற வழியைப் பற்றியது. அந்தப் பயத்துக்கு நானே காரணம் என்று தோன்றியதால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. அறுபத்தெட்டு வயது, ஆட்டு வியாபாரி. வியாழக்கிழமை தவறாமல் அய்யலூர் சந்தையில் நின்று ஆடு பிடித்துக் கைமாற்றிவிட்டுத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வார். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஞாயிறு மட்டும்தான் வருவார். ஆகவே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போக வேண்டியிருந்தது.

"படிச்ச புள்ள நீ போனாத்தான் அவுக சொல்றது வெளங்கும்" என்று அத்தை என் ஒன்றரை வயது மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டார். நான் படித்தது எம்.எஸ்சி. கணக்கு. அதை வைத்து அங்கே என்ன விளங்கிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

மாமனாரும் மருமகளும் அந்த டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பது எங்கள் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் என் கைப்பையை வைத்திருந்தோம். ஒரு நர்ஸ் தாள் ஒன்றோடு வந்து, அங்கேயே நின்று கேள்வி கேட்டாள்.

"ஐயா, போன ஆறு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதும்மா."

"பீடி சிகரெட்டைக் கேக்கலய்யா. மாத்திரையக் கேக்குறேன்."

"மாத்திரையும் இல்ல. பிரஷருக்கு ஒண்ணு போடுறேன். அதோட சரி."

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள். நான் தலையாட்டினேன். பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு செட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் யாருக்கு என்ன வந்தாலும் மெடிக்கலில் போய் 'ஒரு செட்டு குடுங்க' என்றுதான் கேட்போம். கடைக்காரர் நாலு அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, வேளைக்கு ஒரு கவர் என்று மடித்துக் கொடுப்பார். சளிக்கு ஒரு செட்டு, காய்ச்சலுக்கு ஒரு செட்டு. அதை யாரும் மருந்து என்றுகூட நினைப்பதில்லை. மாமாவுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் இருந்திருக்கிறது. அதை அவர் 'ஒடம்பு சூடு' என்று சொல்லிக்கொண்டார். தை மாதத்துக்குப் பிறகு மூன்று முறை என்னை அனுப்பினார். மூன்று முறையும் நான்தான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மிச்சக் கவரை அப்படியே விட்டுவிடுவார். அவர் நர்ஸிடம் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை.

சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் அவர் மறைத்தார் என்று ஆகும். அந்த எரிச்சலைப் பற்றி மருமகள் வெளியில் பேசினாள் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை எதற்கு அந்தத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே திரும்பத் திரும்ப மனதில் வந்தது. புதன்கிழமை காலை மகளைத் தூக்கிக்கொண்டு முதலில் மெடிக்கலுக்குப் போனேன்.

"அண்ணே, எங்க மாமாவுக்கு ஒரு செட்டு குடுப்பீங்கல்ல, அதுல என்னென்ன இருக்கும்?"

"ஏம்மா, ஒத்துக்கலயா?"

"ஒத்துக்கிச்சுண்ணே. பேரு மட்டும் வேணும்."

"பேரு எதுக்கு? வாசல்ல நின்னு அவசரம்னு சொன்னது நீங்கதான். நான் டாக்டர் சீட்டு கேட்டா, நாளைக்கு அடுத்த கடைக்குப் போயிருவீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் மகள் கவுன்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நாலு பெயர் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது பெயர் சிப்ரோஃப்ளாக்சசின்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைப் பார்த்ததும் நர்ஸ் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. பழைய டிக்கை அடித்துவிட்டு, 'ஆமாம்' என்ற கட்டத்தில் புதிதாகப் போட்டு, பக்கத்தில் மூன்று முறை என்று எழுதி, தாளோடு டாக்டரிடம் போனாள். ஐந்து நிமிடத்தில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றார். "சதை எடுக்குறதுக்கு முந்தி காய்ச்சல் வராம இருக்க ஒரு மாத்திரை குடுப்போம். அதுவும் இந்த சிப்ரோஃப்ளாக்சசின் வகைதான். அவர் குடல்ல இருக்கற கிருமி இதை ஏற்கெனவே பாத்துப் பழகியிருந்தா, அது பயப்படாது."

பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார். மூத்திரப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வட்டம். அதுதான் புரோஸ்டேட். அதை ஒட்டிப் பின்னால் மலக்குடல். வழக்கமாக ஊசி மலக்குடலின் சுவரைத் துளைத்துத்தான் உள்ளே போகும். போகிற போக்கில் அங்கே இருக்கிற கிருமியையும் ஏந்திக்கொண்டு போகலாம். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். அதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். திங்கட்கிழமைக்குள் அந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துவிடலாம், நாளைக்கே அவரைக் கூட்டிவாருங்கள் என்றார். ஒரு பஞ்சுக்குச்சி போதுமாம். அந்தக் குச்சியை எங்கே வைத்து எடுப்பார்கள் என்பதை நான் மாமாவிடம் சொல்ல வேண்டும்.

சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இதெல்லாம் போயிச் சொல்லித்தான் ஆகணுமா தாயி?"

"சொல்லாம இருக்க முடியல மாமா."

அத்தை அடுப்படியிலிருந்தே பேசினார். "வெக்கப்பட்டே மூணு மாசம் என்கிட்டயும் மறைச்சாச்சு. இனி என்ன வெக்கம் மிச்சமிருக்கு? போயிட்டு வாங்க."

மறுநாள் வியாழக்கிழமை. சந்தையை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது சரிதானா என்று வழி நெடுக எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் முடிவு வாங்க நான் தனியாகப் போனேன். பரிசோதனைக்கூடத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தாளை நீட்டினாள். அதில் எழுத்துகளும் எண்களுமாக இருந்தன. பக்கத்தில் கட்டுப்படாத மருந்துக்கு ஆர், கட்டுப்படுகிற மருந்துக்கு எஸ் என்று குறித்திருந்தது.

"இது எப்படிங்க தெரியுது?" என்று கேட்டேன். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்கக்கா. எதையும் தொட்டுராதீங்க" என்றாள்.

மேசை மேல் கண்ணாடி மூடி போட்ட ஒரு வட்டத் தட்டு. என் மகளின் பால்சோற்றுக் கிண்ணத்தின் வாய் அளவுதான் இருக்கும். அடியில் வெளிர்மஞ்சளாக, உறைந்த கஞ்சி மாதிரி ஒன்று. அதன் மேல் முழுக்க மெல்லிய சாம்பல் படலம் பரவியிருந்தது. அந்தப் படலம்தான் மாமாவின் கிருமி. ஒரு பஞ்சுக்குச்சியில் வந்தது ஒரே இரவில் இப்படி நிறைந்துவிட்டதாம். படலத்தின் மேல் ஆறு வெள்ளைப் பொட்டுகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து ஊறியிருக்கிறது என்றாள். மருந்து சுற்றிலும் கசியும். கட்டுப்படுகிற கிருமி அந்த இடத்தில் வளராது.

சில பொட்டுகளைச் சுற்றிச் சுத்தமான வட்டம் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுத்த மாதிரி, விளிம்பு தெளிவாக, கண்ணாடிபோல. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமே விழவில்லை. படலம் பொட்டின் ஓரம் வரை வந்து ஒட்டி நின்றது. அதில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அவள் வாசித்துச் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். அதற்குக் கண் இல்லை, மூளை இல்லை. நான் கடைக்கு ஓடி வாங்கி வந்த மாத்திரையை அது தெரிந்துவைத்திருந்தது. நான் பெயர்கூடக் கேட்டு வாங்காத மாத்திரை. தட்டைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பயத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது முழுக்கப் பயமில்லை என்று தோன்றுகிறது. பெரிய கோயில் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வருவதும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

"நான் வாங்கிக் குடுத்த செட்டாலதானே இப்படி?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. மாத்திரையே எடுக்காத ஆளுகளுக்கும் இப்ப இது நெறைய வருது. ஒருவேளை அதனாலயும் இருக்கலாம்."

"இது கெட்ட கிருமிதானே?"

"கெட்டதுன்னு சொல்ல முடியாது. குடலுக்குள்ள இருக்கற வரைக்கும் நல்ல புள்ள. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. பிள்ள பொறந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே அதுக்குள்ளயும் குடியேறிரும். பெரும்பாலும் அம்மாகிட்டருந்துதான். எடம் மாறிப் போனாத்தான் வம்பு."

என் மகள் பிறந்த அன்று நான் அவளுக்கு என்னென்ன கொடுத்தேன் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இது அந்தக் கணக்கில் வந்ததே இல்லை. அவள் தும்மினால்கூடப் பதறுகிறவள் நான். என்னிடமிருந்தே ஒரு கூட்டம் போய் அவள் வயிற்றில் குடியிருக்கிறது, அவளுக்குப் பாலும் சோறும் செரிக்க அதுவும் கைகொடுக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்து இரண்டு முடிவு எடுத்தார். வழக்கமான மாத்திரை வேண்டாம், வட்டம் பெரிதாக விழுந்த மருந்து ஒன்றை ஊசியாகப் போடுவது. சதை எடுக்கிற ஊசியையும் மலக்குடல் வழியாக விடாமல், அதற்கு முன்னால் இருக்கிற தோல் வழியாக விடுவது. "குடலைக் கழுவிச் சுத்தம் பண்ண முடியாதும்மா. தோலைப் பண்ணலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை மாமாவை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தேன். வாசலுக்கு வெளியிலேயே இருந்த தொட்டியில் டாக்டர் கை கழுவினார். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை என்று கழுவிக்கொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மறுபடி விரலிலிருந்து தொடங்கினார். பிறகு உள்ளே போனார். நர்ஸின் குரல் கேட்டது.

"மருந்து தடவியாச்சு சார். காயட்டும்."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. உள்ளே மூன்று நாலு பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யாமல், தடவிய மருந்து காய்வதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். வெளியில் அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், டாக்டருக்கு இன்னும் எத்தனையோ வேலை. அந்தச் சும்மா நிற்றலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் எதையும் காயும்வரை விட்டவளே இல்லை. பால் பொங்குவதற்குள் அடுத்த வேலைக்கு ஓடுகிறவள்.

அரை மணியில் முடிந்தது. நர்ஸ் ஒரு தட்டில் சின்னச் சின்னக் குப்பிகளைக் கொண்டுபோனாள். கேட்டதும் நின்று காட்டினாள். தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்றில் சேமியாத் துண்டைவிட மெல்லிய வெள்ளை நூல்கள். மொத்தம் பன்னிரண்டு. "எல்லாத்துலயும் எந்த எடத்துல எடுத்ததுன்னு எழுதியிருக்கு" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது என்னிடம் ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். "காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டா, குளிரு நடுக்கம் வந்தா, ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டா, எந்த நேரமா இருந்தாலும் நேரா இங்க வரணும். மெடிக்கலுக்குப் போகக் கூடாது. வர்றதுன்னா பெரும்பாலும் முதல் அஞ்சாறு நாளுக்குள்ள வந்துரும்."

என் மகளின் தெர்மாமீட்டரை எடுத்து வேளைக்கு வேளை அவர் கக்கத்தில் வைத்தேன்.

"ஆட்டுக்குச் சீக்குன்னாக்கூட காதத் தொட்டுப் பாத்துட்டு விட்ருவேன்" என்றார். "நீ என்ன தாயி, இம்புட்டுத் தடவ பாக்குற."

"கைய எறக்குங்க மாமா. கீழ விழுந்துரும்."

அன்று மாலை குளியலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தாயி. செவப்பா போகுது."

"ரெண்டு மூணு நாளு போகும்னு சொன்னாங்க மாமா. தண்ணி நெறையக் குடிக்கணும். கட்டி கட்டியாப் போகுதா?"

"இல்ல. ரோஸ்மில்க் கணக்கா இருக்கு."

"இனி நான் ரோஸ்மில்க் குடிச்ச மாதிரிதான்" என்றார் அத்தை. மாமாவே சிரித்துவிட்டார். மூன்று மாதமாக 'சூடு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர், முதல் முறையாக என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். நானும் உள்ளபடி பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை நான் எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. செல்போன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது.

"துண்டையும் காணோம், செருப்பையும் காணோம்" என்றார் அத்தை. "போன வாரமும் விட்டாச்சுல்ல. சந்தைக்குத்தான் போயிருக்கும் மனுசன்."

சதை எடுத்து மூன்றாம் நாள். அய்யலூர் இங்கிருந்து வடமதுரையும் தாண்டிப் போக வேண்டும். அங்கே நடுக்கம் வந்து விழுந்தால் யாராவது ஒரு செட்டு வாங்கிக் கொடுத்து வேப்பமரத்தடியில் படுக்க வைப்பார்கள். அதுவரைதான் எனக்கு யோசிக்க முடிந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றேன். பத்தரைக்கு ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"ஆட்டத் தூக்கல, கை வைக்கல. பாத்தேன், அம்புட்டுத்தான்" என்றார், நான் கேட்கும் முன்பே.

தெர்மாமீட்டர் நூறு புள்ளி ஒன்று காட்டியது.

"ஒரு செட்டு..." என்று அத்தை வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"குளிருதுன்னு சொல்றாரா?"

"இல்ல சிஸ்டர்."

"எங்கருந்து வந்தாரு?"

"அய்யலூர் சந்தையிலருந்து."

"நல்ல மனுசன்" என்றாள். "ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சுத் தண்ணி குடுங்க. அரைமணி கழிச்சுப் பாருங்க. எறங்கலன்னா ஒடனே கெளம்பி வந்துருங்க. எறங்குனாலும் எனக்குச் சொல்லணும்."

அந்த அரைமணி நேரம் நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவைப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடம்புக்குள் ஏதாவது இடம் மாறிப் போய்க்கொண்டிருக்கிறதா, இல்லை வெறும் சந்தை வெயிலா என்று வெளியிலிருந்து சொல்ல ஒரு வழியும் இல்லை. அந்தச் சாம்பல் படலம் ஒரு இரவில் எவ்வளவு நிறைந்தது என்பது கண் முன்னால் நின்றது. ஓரம் தெளிவான அந்த வட்டங்களையும் நினைத்துக்கொண்டேன்.

அரைமணியில் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. நம்பாமல் மறுபடி வைத்தேன். அதே எண். மூன்றாவது முறை அவரே கையைத் தூக்கிக் கொடுத்தார். ஆட்டோவை அனுப்பினேன். நர்ஸிடம் சொன்னபோது அவள், "சாயங்காலமும் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலமும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து முடிவு கேட்கப் போனோம். பன்னிரண்டு நூலில் இரண்டில் புற்று இருந்தது. மெதுவாக வளர்கிற வகை, இப்போதைக்கு அறுக்க வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றார் டாக்டர். சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கழித்து இதேபோல இன்னொரு முறை சதை எடுக்க வேண்டும்.

"இதுலதான் செரமம்" என்றார் டாக்டர். "முதல் தடவ காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில படுத்தவங்க ரெண்டாவது தடவைக்கு வர்றதே இல்ல. எங்களுக்கும் கட்டாயப்படுத்த மனசு வராது. பாக்காம விட்டுருவாங்க, அது உள்ள வளந்துரும்."

மாமா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் ஒண்ணும் வரலயே" என்றார். "வாரேன்."

யோசிக்கவே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். டாக்டர் குனிந்து எழுதினார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவர் எப்போதும்போல எனக்கு முன்னால் வேகமாகப் போனார். ரோட்டைக் கடக்கிற இடத்தில் நின்றார். இரண்டு லாரி போனது, பிறகு வழி காலியாக இருந்தது. அப்போதும் நின்றுகொண்டே இருந்தார், நான் வந்து சேரும் வரைக்கும்.